இரண்டு கணுவும் ஒரு கையெழுத்தும்

தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்களை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம்: செடியைப் பார்ப்பவர், செடியைப் படம் எடுப்பவர், செடிக்கு முன்னால் நின்று தம்மையே படம் எடுத்துக்கொள்பவர். இந்தப் பகுப்பு முற்றிலும் குறையுடையது. நான்காவதாக ஓர் இனம் உண்டு. எண்ணிக்கையில் அதுவே பெரிது. தொன்மையிலும் அதுவே மூத்தது. ஆனால் அதைப் பற்றி எவரும் முறைப்படி எழுதி வைக்கவில்லை. வாசகரே, அந்த அநீதியை இன்று சரிசெய்வோம். அந்த இனத்துக்குக் கிள்ளிகள் என்று பெயர்.

கிள்ளி திருடர் அல்லர். இதை முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது; ஏனென்றால் பிடிபட்டவுடன் அவர் முதலில் சொல்வதும் இதுதான். அடுத்து, "தானா ஒடிஞ்சு கீழே கிடந்துச்சு" என்பார். அதற்கடுத்து, "கிள்ளி விட்டாத்தானே கிளைக்கும்?" என்பார். இவ்விரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றனவே என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அவர் தெருமுனையைத் தாண்டிப் போயிருப்பார்.

கேட்டால் கொடுக்கமாட்டார்களா? கொடுப்பார்கள். ஒன்றுக்கு மூன்றாகக் கொடுப்பார்கள். ஆனால் கேட்டு வாங்கிய செடி மூன்றாம் நாளே தலையைத் தொங்கப் போட்டுவிடும் என்பதும், கேட்காமல் எடுத்ததுதான் புதராக மண்டும் என்பதும் கிள்ளிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. மனிதருக்கு இருக்கும் மனசாட்சி செடிக்கும் உண்டாம். ஆனால் தலைகீழாக வேலை செய்யுமாம்!

இந்த இனத்தின் முழுமையான மாதிரி என்று ஒருவரைக் காட்ட வேண்டுமானால், கிள்ளியக்காவைத்தான் காட்ட வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் வேறு. தெரு வைத்ததுதான் நிலைத்தது. பல் மருத்துவர் வீட்டு வரவேற்பறை, வங்கி மேலாளரின் மேசை, பள்ளித் தலைமையாசிரியையின் சன்னல் என்று அவர் போய்வந்த இடங்களெல்லாம் அவர் வீட்டுப் பால்கனியில் வரிசையாகத் தழைத்து நிற்கின்றன. அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் கிடந்த நாத்தனாரைப் பார்க்கப் போனவர், அரை மணி நேரத்தில் ஈரக் கைக்குட்டைக்குள் ஒரு தண்டோடு திரும்பினார். "அண்ணி என்னைப் பார்க்க வந்தாங்களா, வராந்தாவுல இருந்த தொட்டியைப் பார்க்க வந்தாங்களா?" என்று நாத்தனார் கேட்டது நியாயமான கேள்வி. விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

அவருடைய கணவர் வேறு இனம். நீதிமன்றப் பதிவறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காகிதத்தையும் தொலைக்காதவர். பின்பக்கத்தையும் படித்துப் பார்க்காமல் முன்பக்கத்தில் கையெழுத்துப் போடாதவர். தம் கையெழுத்து ஒரு பொய்யின் கீழே ஒருநாளும் நின்றதில்லை என்பதுதான் அவர் வாழ்நாளில் சேர்த்த சொத்து. அந்தச் சொத்து எவ்வாறு ஒரு நாள் காலையில் ஆபத்துக்குள்ளானது என்பதே இங்கு விவரிக்கப்படுகிறது.

ஓய்வு பெற்ற தந்தைக்கு மகள் கொடுத்த பரிசு, ஏழு நாள் கப்பல் பயணம். கப்பலில் நீச்சல் குளம் இருந்தது, நாடக அரங்கு இருந்தது, பன்னிரண்டு மாடிகள் இருந்தன. கிள்ளியக்கா முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்துத் தொட்டிச் செடியிடம் போய், இருபுறமும் பார்த்து, நகத்தை வைத்தார். நகம் முறிந்தது. பிளாஸ்டிக்! "ஊரை ஏமாத்துறாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு நாட்களும் கேபினில் படுத்தே கழித்தார்.

நான்காம் நாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு மணி வரை நிற்கும் என்றும், விரும்புவோரைப் பேருந்தில் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துப்போவார்கள் என்றும் அறிவிப்பு வந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்தார். அன்று காலையே கேபின் கதவுக்கடியில் ஒரு படிவமும் வந்தது. செடி, விதை, மண், கனி எதையும் கரையிலிருந்து கப்பலுக்குள் கொண்டுவரமாட்டோம் என்ற உறுதிமொழி. ஒரு கேபினுக்கு ஒரு கையொப்பம். கணவர் இருமுறை படித்தார், பின்பக்கம் வெறுமையாக இருப்பதையும் உறுதி செய்துகொண்டார், கையெழுத்திட்டார்.

"நீயும் ஒருதரம் படிச்சுப் பாரு."

"கையெழுத்துப் போட்டது நீங்க. நான் எதுக்குப் படிக்கணும்?"

"இன்னிக்கு ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு வரணும். முப்பத்துநாலு வருஷத்துல ஒரு தப்பான காகிதத்துல என் பேரு ஏறினதில்லை."

"நான் என்ன குழந்தையா? சும்மா பார்த்துட்டு வரப்போறேன்."

'சும்மா பார்த்துட்டு' என்ற சொற்களைக் கேட்டவுடன் அவர் படிவத்தைக் கிழித்தெறிந்திருக்க வேண்டும். ஆனால் காகிதத்தைக் கிழிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

பூங்காவில் பேருந்திலிருந்து நாற்பது பேர் இறங்கினார்கள். வழிகாட்டிப் பெண் ஒரு மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்து, "எதையும் தொடாதீங்க, கூட்டமா வாங்க" என்றாள். கண்ணாடிக் கூடத்துக்குள் போனதும் கிள்ளியக்காவின் நடை மாறியது. தொழில் தெரிந்த கிள்ளி, தனக்கு வேண்டிய செடியை ஒருபோதும் பார்க்கமாட்டார். அதற்கு நேரெதிரில் இருக்கும் மரத்தைப் பார்த்து வியப்பார். மேலே அண்ணாந்து பார்ப்பார். கூரையின் உயரத்தைப் பற்றிக் கேட்பார். அக்கா இவற்றையெல்லாம் செய்துவிட்டு, கணவரிடம் அன்போடு திரும்பினார்.

"என்னங்க, அந்தப் பலகையில என்னவோ பெரிசா எழுதியிருக்கு. எனக்குக் கண்ணு தெரியலை. கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்."

பலகை கண்டால் படிக்காமல் போக அவரால் முடியாது. மேலும், லத்தீன் செடிப் பெயர்களின் உச்சரிப்பை அவர் தாமாகவே புத்தகம் வைத்துப் பழகியிருந்தார். அதைக் கேட்பதற்கு இதுவரை ஒருவர் வாய்த்ததில்லை. ஓலைத் தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிமன்றத்தில் வழக்கெண் கூப்பிடும் குரலில், ஓர் எழுத்தையும் விடாமல் படித்தார். வழிகாட்டிப் பெண்ணே வாயைத் திறந்து பார்த்தாள். சுற்றி நின்றவர்கள், "இன்னொண்ணு படிங்க சார்" என்றார்கள். இரண்டாவது பலகை. மூன்றாவது. நான்காவதுக்குக் கைதட்டல் எழுந்தது. அதை ஏற்றுக்கொள்ளத் திரும்பிய கணவர், மனைவியின் கை பைக்குள்ளிருந்து வெளியே வருவதைக் கண்டார்.

"என்ன பண்றே?"

"கைக்குட்டை எடுத்தேன்."

"ஏன் அது சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு?"

"வேர்க்குதுல்ல?"

அவர் மேற்கொண்டு விசாரிப்பதற்குள், குழாயோடு ஒரு தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். மூலையில் தனியாக நின்ற செடியைக் காட்டி, "அதை மட்டும் யாரும் தொடாதீங்கம்மா. இந்தத் தோட்டத்துலயே அந்த ஒண்ணுதான் இருக்கு" என்றார். பச்சை இலையில் யாரோ பாலைத் தெறித்துவிட்டதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அந்த ஒண்ணுதான் என்று ஒரு கிள்ளியிடம் சொல்லலாமா? பூனையைக் கூப்பிட்டு, பால் சட்டிக்கு மூடி இல்லை என்று சொல்வதற்கு இது ஒப்பாகும்.

"இதுக்கு வெயில் வேணுமா, நிழலா?" என்றார் அக்கா.

"நிழல்தாம்மா. காலை வெயில் கொஞ்சம்."

"தண்ணி?"

"மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊத்தணும். அதிகமானா கோவிச்சுக்கும்."

தோட்டக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக அவரிடம் கழிப்பறை எங்கே என்பதைத் தவிர வேறெதையும் எவரும் கேட்டதில்லையாம். எருவைப் பற்றிச் சொன்னார். பூச்சியைப் பற்றிச் சொன்னார். எந்தக் கணுவுக்குக் கீழே வெட்டினால் வேர் பிடிக்கும் என்பதைக்கூட, யாரும் கேட்காமலே, விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு, "குழாயை மூடிட்டு வந்துடறேன்" என்று அந்தப் பக்கமாகத் திரும்பி, மிக மெதுவாக நடந்துபோனார். அது கவனக்குறைவா, கருணையா? ஆவணம் இல்லாததால் முடிவு சொல்வதற்கில்லை.

துறைமுகத்துக்குத் திரும்பியபோது கப்பல் படிக்கட்டருகே ஒரு மேசை, வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர், இடுப்பளவு உயரத்தில் ஒரு பச்சைத் தொட்டி. மேசைமேல் காலைப் படிவங்கள் அடுக்கியிருந்தன. கணவர் மனைவியின் பையைப் பார்த்தார். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் சொல்லியாக வேண்டும். ஆகவே கேட்காமல் வரிசையின் கடைசியில் நின்றார்.

முன்னால் நின்ற ஓய்வு பெற்ற ஆசிரியையிடம் குடையை விரித்துக் காட்டச் சொன்னார்கள். விரித்ததும் ஏழு தண்டுகள் விழுந்தன. புது மாப்பிள்ளை ஒருவனின் காலுறைக்குள்ளிருந்து ஒரு கிழங்கை எடுத்தார்கள். கண் மருத்துவர் ஒருவரின் கேமராப் பெட்டியில் கேமராவைத் தவிர எல்லாம் இருந்தது. பேருந்து முழுவதும்! நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர்! பச்சைத் தொட்டி ஒரு சிறு காடாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆசிரியை அதில் தம் பங்கைப் போட்டுவிட்டுப் போகிற போக்கில் கணவரின் தோளைத் தொட்டார்.

"சார், நீங்க நல்லா நிதானமாப் படிச்சீங்க. எல்லாருக்கும் ரொம்ப உதவியா இருந்துச்சு."

கைதட்டல் எதற்காக என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இது உங்க கையெழுத்தா சார்?" என்றார் அதிகாரி.

"ஆமா."

"பையில ஏதாவது இருக்கா?"

முப்பத்துநான்கு ஆண்டுகள் அவர் கண்முன்னே வரிசைகட்டி நின்றன. மனைவியின் பையை வாங்கி, ஈரக் கைக்குட்டையை எடுத்து, அதிலிருந்த நான்கு தண்டுகளையும் மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"இருக்கு. என் பேருல கையெழுத்து இருக்கு. அதனால பொறுப்பும் என்னோடதுதான்."

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "காலையிலேர்ந்து கேட்டதும் எடுத்துக் குடுத்தவர் நீங்க ஒருத்தர்தான் சார்" என்று படிவத்தில் முத்திரை குத்தி, ஒரு படியை அவரிடமே கொடுத்தார். ஒரு வாரத்துக்குப் பேச்சு நின்றுவிடும் என்று எதிர்பார்த்து மனைவியைப் பார்த்தார் கணவர். அக்காவோ, அதுவரை விசிறிக்கொண்டிருந்த அவருடைய ஓலைத் தொப்பியை இரண்டு கைகளாலும் அவர் தலையில் நேராக வைத்து, "வெயில்ல நிக்காதீங்க, வாங்க" என்றார். மணமான நாள் முதல் நடக்காத செயல் அது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்து நெஞ்சு நிமிர்ந்தார்.

"தொப்பி நல்லா இருக்கு சார்" என்றார் அதிகாரி.

கேபினுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தொப்பியின் பட்டைக்கும் ஓலைக்கும் இடையே, மணமகனுக்குச் சூட்டியதுபோல், இரண்டு கணு, இரண்டு இலை. பச்சையில் வெள்ளைப் புள்ளிகள்.

"அந்த ஒண்ணா?"

"அந்த ஒண்ணுதான்."

"முத்திரை குத்தின காகிதம் கையில இருக்குடி! நான் இப்பவே போய்க் குடுத்துட்டு வரேன்."

"போங்க. என்னன்னு சொல்லுவீங்க? தலையில இருந்தது தெரியாதுன்னா?"

"ஆமா, தெரியாது!"

"அந்த ஆபீசரு நேருக்கு நேரா பார்த்துட்டுத்தானே நல்லா இருக்குன்னாரு? அதுக்குப் பேரு அனுமதி இல்லாம வேற என்ன?"

சட்டப்படி இதற்குப் பதில் என்ன என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது கப்பல் ஊதியது; படிக்கட்டைத் தூக்கிவிட்டார்கள்.

அவர் விட்டுவிடக்கூடியவர் அல்லர். மேசையில் அமர்ந்து, கப்பல் தலைவருக்கு முறையான கடிதம் எழுதத் தொடங்கினார். தேதி, பொருள், பார்வையிடப்பட்ட படிவத்தின் எண், நடந்தது நடந்தபடி ஒன்பது பத்திகள், அடியில் 'இணைப்பு: தண்டு, ஒன்று'. இரண்டு படிகள். கையெழுத்திட்டு நிமிர்ந்தபோது, இணைப்பின் ஓர் இலை தொய்ந்திருந்தது. வாடிய இணைப்போடு ஒரு கடிதத்தை எப்படிச் சமர்ப்பிப்பது? இணைப்பு ஒப்படைக்கப்படும்வரை அதைப் பெற்ற நிலையிலேயே பாதுகாப்பது அனுப்புநரின் கடமை அல்லவா? பல் துலக்கும் பிரஷ்களை வெளியே எடுத்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் பிடித்துத் தண்டை அதில் நிறுத்தினார். காலை வெயில் கொஞ்சம் வேண்டும் என்று தோட்டக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. சன்னலோரம் நகர்த்தினார்.

மறுநாள் கடிதத்தைக் கொடுக்கவில்லை. இலை இன்னும் முழுமையாக நிமிரவில்லை. அதற்கு மறுநாளும் கொடுக்கவில்லை. தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. பயணத்தின் கடைசி நாள் காலை, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டம்ளருக்குள் குனிந்து பார்த்தவர், கட்டிலுக்கு ஓடினார்.

"ஏய், எழுந்திரு! எழுந்திருடி! விட்டிருக்கு! வெள்ளையா ஒண்ணு, கடுகளவு இருக்கும்!"

கடிதத்தின் இரண்டு படிகளும் இன்னும் அவரிடமே இருக்கின்றன. ஓரத்தில், வேர் விட்ட தேதி அழகான கையெழுத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.

மதிப்புக்குரிய வாசகரே, தாங்கள் வாழ்நாளில் ஓர் இலையையும் கிள்ளியதில்லை என்கிறீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தொப்பி அந்த மேசையைக் கடந்தபோது அதிகாரி அதைப் பார்த்துவிட வேண்டும் என்றா விரும்பினீர்கள்? டம்ளருக்குள் அவர் குனிந்தபோது, தாங்களும் கூடவே கொஞ்சம் குனியவில்லையா? அதை மறுத்து எழுதிக் கையொப்பமிடத் தாங்கள் தயாரா?

தண்டு நலம். பால்கனியில், நிழலில் இருக்கிறது. நான்காவது இலை வந்துவிட்டது. ஒரு தண்டு கேட்க வாயெடுத்தீர்கள், தெரியும்.