டம்ளர் சாமியின் நாலு மணி

எவர்சில்வர் டம்ளரில் யாராவது கரண்டியால் தட்டினால் போதும், இன்றைக்கும் என் கால்கள் தானாகச் செருப்பைத் தேடும். டிங், டிங், டிங். எங்கள் கம்பம் ஊரில் விடிகாலை நாலு மணி அப்படித்தான் பிறந்தது. சூரியனே டம்ளர் சாமியிடம் கேட்டுக்கொண்டுதான் மேலே வந்தது என்று அடித்துச் சொல்வேன்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். எங்கள் காம்பவுண்டில் கடைசி அறை அவருடையது. கோடையில் வாடகைக்காரர்கள் எல்லோரும் மொட்டை மாடியில் படுப்போம். நாலு மணிக்குத் தலைமாட்டில் டம்ளரோடு நிற்பார்.

"ஏலே தம்பி, எந்திரி. பிரம்ம முகூர்த்தம். தேவர்க கேரளா மலையில கம்பம் மேட்டு வழியா எறங்கி வாராக. தூங்குறவன் வீட்டத் தாண்டிப் போயிருவாக."

"இமயமலையிலருந்து வாரவுக எதுக்குண்ணே கேரளாவச் சுத்தி வாராக?"

"அங்கன குளுந்த காத்து. வாயாடாம எந்திரி."

எழுந்து உட்கார்ந்தால், மேற்கே மலை இன்னும் முடிவெடுக்காத ஒரு நீலத்தில் கிடக்கும். கொட்டாவிகளோடு தேவர்களுக்காகக் காத்திருப்போம். சாமி? ஐந்து மணிக்குள் குறட்டை! எல்லோரையும் எழுப்பிவிட்டு அவர் மட்டும் போய்ப் படுத்துவிடுவார். கேட்டால், "என் சோலி முடிஞ்சுபோச்சு" என்பார்.

அந்த வருடம் வீட்டுக்கார அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ராவெல்லாம் அழுத பிள்ளை விடியற்காலையில்தான் கண் அசரும். அந்த நேரம் பார்த்து டிங் டிங். மூன்றாம் நாள் அக்கா படியேறி வந்துவிட்டார்.

"இந்தாருங்க, இனி ஒரு நா நாலு மணிக்குப் பிள்ள முழிச்சு அழுதுச்சு, அன்னைக்கே ரூமக் காலி பண்ணிரணும்."

சாமி ஆடிப்போனார். தனியாள், பன்னிரண்டு வருடமாக அவருக்கு வீடு என்றால் அந்த ஓர் அறைதான். அதற்காக எழுப்பாமல் இருக்க முடியுமா? மறுநாள் டம்ளரைத் தட்டவில்லை. அதில் தண்ணீர் மொண்டு வந்து சத்தமில்லாமல் முகத்தில் தெளித்தார்.

முதல் முகம் பக்கத்து அறை முருகையாவுடையது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் குத்தகைக்குப் பிடித்தவர். இரண்டு நாளில் அறுவடை. பழுத்த குலையில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும்.

"மழை! ஐயோ, மழை! பழம் பூராம் போச்சே!"

கண்ணைத் திறக்காமலே போன் போட்டார். அவர் அண்ணனுக்கு, அண்ணன் பக்கத்துத் தோட்டத்துக்கு, அவர்கள் வியாபாரிக்கு. கால் மணி நேரத்தில் பாதி ஊர் டார்ச் லைட்டும் கத்தரியுமாகப் பந்தலுக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. மேலே கொள்ளை கொள்ளையாய் நட்சத்திரம். பிரம்ம முகூர்த்தத்தில் ஓர் ஊரையே எழுப்பிய மனிதர் எங்கள் சாமி ஒருவர்தான்.

முருகையா போட்ட கூச்சலில் மாடிக்குக் கீழே பிள்ளை வீறிட்டது.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நானும் சாமியும் ஒரு டிரங்குப் பெட்டியும் நின்றோம். ஜெயமங்கலத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார்.

"எதுக்குண்ணே எங்கள எழுப்பி எழுப்பி ரூமத் தொலைச்சீக? நீங்களும் முழிச்சிருக்கப் போறதில்ல, தேவர்களும் வந்தபாடில்ல."

"வரலேன்னு யார்ரா சொன்னது? எழுப்புனதும் கண்ணத் தொறந்து, கோவம் வர்றதுக்கு முந்தி, மொகம் செத்த நேரம் பச்சப்புள்ளையா இருக்கும்ல? அவுக வாரது அங்கனதேன். அதப் பாத்தாச்சுன்னா பெறகு நான் முழிச்சு என்ன செய்ய?"

"என் மொகத்துலயுமா?"

பஸ் உறுமியது. படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

"ஒனக்குக் கொஞ்ச நேரந்தேன், சட்டுன்னு கோவம் வந்துரும். ஆனா அவுக ஒரு நா கூட வராம இருந்ததில்லப்பா."