ஏசி அண்ணனின் பிச்சிச் சுவர்

நாகர்கோவிலில் தன் பிழைப்புக்குத் தானே உலை வைத்த ஒரே மெக்கானிக் எங்கள் ஏசி அண்ணன்தான்.

பாதி ஆயுசை வளைகுடாவில் ஏசி பழுது பார்த்துக் கழித்துவிட்டு, எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டால் ஏசியைப் பார்க்க மாட்டார். சுவரைத் தொட்டுப் பார்ப்பார்.

"ஏசிக்கு ஒண்ணும் இல்ல சாரே. செவுருக்காக்கும் காய்ச்சல்."

மேற்கு வெயில் முழுவதையும் வாங்கும் சுவர் அது. வைத்தியமும் அவரே பார்த்தார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பிவலை, அடியில் தொட்டிகள், தோவாளையிலிருந்து பிச்சிக்கொடி. ஒவ்வொரு வீட்டு ஏசியும் சொட்டும் தண்ணீரை ஜன்னலோரம் புனல் வைத்துப் பிடித்து, குழாய் வழியாகத் தொட்டிக்கு இறக்கினார். பேச்சிப்பாறை அணையையே கட்டியவர் போல அந்தக் குழாய் பக்கத்தில் நிற்பார்.

கொடி மூன்றாம் மாடியைத் தொட்டது. வீடுகள் குளிர்ந்தன. எல்லாரும் ஏசியை அணைத்தோம். அங்கேதான் வந்தது வினை. ஏசி ஓடாததால் சொட்டுத் தண்ணீர் நின்று, பிச்சி வாட ஆரம்பித்தது. ஏசியை அணைக்கச் சொல்லி வீடு வீடாக ஏறியவர், மறுபடி ஏறினார்.

"சாரே, ஒரு அரை மணிக்கூர் ஏசி போடுங்க."

"குளிருதே அண்ணே."

"போர்வையப் போத்திக்கிடுங்க. கொடி கிடந்து வாடுது."

வாளியில் மொண்டு ஊற்றலாமே என்றேன். முறைத்தார். "லாரித் தண்ணிக்கு ஊரே காத்துக் கெடக்கு. குடிக்கிற தண்ணிய செவுருக்கு ஊத்தவா?"

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அந்தக் கொடி முதல் நாளிலிருந்தே ஆகாது. பாம்பு ஏறும் என்பார். "பெயின்ட் அடிக்க ஆள் வருது. அதுக்குள்ள தழைக்கலைன்னா வெட்டிருவோம்," என்று சொல்லிவிட்டார். அண்ணன் தொட்டியருகே குந்தியிருந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கினார். எனக்கு மனசே கேட்கவில்லை.

மறுநாள் காலை அரிசி கழுவிய தண்ணீரை எங்கள் புனலில் ஊற்றினேன். மேலே ஏதோ சத்தம். நிமிர்ந்தால், மாடி ஜன்னலில் செயலாளர், பனியனோடு, கையில் தன் புனலுக்குமேல் கவிழ்த்த செம்பு.

"வீட்டுல அவ பூப் பறிக்கணும்னு நிக்கா. கீழ சொல்லாண்டாம், கேட்டியளா?"

பிச்சி தழைத்தது. பெயின்ட்காரர் அந்தச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் அடித்துப் போனார். அண்ணன் குழாயைத் தடவிக்கொண்டு, "பாத்தியளா, ஏசி ஓடாமலே தண்ணி வருது. எல்லாம் பைப்பு போட்ட கைராசி," என்றார்.

தொட்டி மண்ணில் அரிசிமணிகள் சிதறிக் கிடக்கின்றன. அவர் கண்ணில் படாமலா இருக்கும்? ஆனாலும் காலையில் நாங்கள் ஊற்றும் நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுகிறார். அவருக்காகவே எங்கள் வீட்டில் இப்போது அரிசியை ஒரு தடவை கூடுதலாகக் கழுவுகிறோம்.