கடற்கரைக்குக் கடைசியாக வந்தவர்

கடைசி ஆள் என்று ஒரு மனித இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தாம்பரத்தில் பிதுங்கி வழியும் பஸ்ஸின் படிக்கட்டருகே முண்டியடித்துக்கொண்டு, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், உள்ளே எவ்வளவு இடம் கிடக்கு!" என்று கெஞ்சிக் கூத்தாடி, எப்படியோ ஒரு காலை வைத்து, மறுகாலையும் வைத்து, கம்பியைப் பிடித்ததும் சட்டென்று திரும்பி, கீழே நிற்பவர்களிடம் "எங்கே ஏறறீங்க? இடமே இல்லை! ரைட், ரைட்!" என்பாரே, அவர்தான். கண்டக்டருக்குக்கூட அவ்வளவு கண்டிப்பு கிடையாது.

இந்த இனம் பஸ்ஸோடு நிற்பதில்லை. கடற்கரை வரைக்கும் போகும். வேதசிரோமணி போனார்.

வேதசிரோமணி தாம்பரத்தில் பூகோள ஆசிரியர். எண்பதுகளின் நடுவில், சோழிங்கநல்லூரைத் தாண்டி, கால்வாயையும் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு அப்பால் மணல்மேட்டின் மேல் மனை போட்டு விற்றார்கள். "மணலை வாங்கி என்ன செய்யப் போறீங்க? வறுத்துத் தின்னவா?" என்று மனைவி ஹில்டா கேட்டாள். அவர் வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? மார்க்கெட்டில் பெயிண்ட் கடை வைத்திருந்த நண்பர் ஏகநாதனையும் பிடித்து உலுக்கினார்.

"ஏகநாதா, பக்கத்து மனையை நீ போடு. ரிட்டயர் ஆனப்புறம் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

கடையில் டர்பன்டைன் வாசனையைத் தவிர வேறு காற்றையே அறியாத ஏகநாதன் அந்த நாற்காலியில் மயங்கிவிட்டார். அவரும் வாங்கினார்.

முதலில் வீடு கட்டியது வேதசிரோமணிதான். கட்டி முடித்து ஜன்னலைத் திறந்தால் கடலைக் காணோம். மணல்மேடு மறைத்தது. அதனால் என்ன? ஆள் வைத்து மேட்டை வாரினார். அதைப் பிடித்துக்கொண்டிருந்த அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் வண்டி வண்டியாகப் போயின. கடல் தெரிந்தது. கடல் தெரிந்ததும் பயம் வந்தது. எனவே கடலுக்கு எதிரே ஒரு மதில். மதில் வந்ததும் திருடன் ஞாபகம் வந்தது; எனவே மதில்மேல் கண்ணாடிச் சில்லும், கம்பத்தில் ஒரு மெர்க்குரி விளக்கும். கடல் வழியாக எந்தத் திருடன் வருவான் என்று யாரும் கேட்கவில்லை. வெளிச்சத்துக்கு நண்டுதான் வந்தது.

அடுத்து மூக்கு. குப்பத்துச் செல்லியம்மாள் வழக்கமாகக் கருவாடு காயப்போடும் இடம் மதிலுக்கு அந்தப் பக்கம். அவளைத் தள்ளிப் போகச் சொன்னார்.

"கடலாண்டயே வூடு கட்டிக்கினு மீன் வாசனை வேணான்னா இன்னா சார் பண்றது? கடலைத்தான் கொஞ்சம் தள்ளிப்போவ சொல்லணும்" என்றாள் அவள். ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இத்தனைக்கும் பிறகுதான் வேதசிரோமணிக்கு இயற்கையின் மேல் காதல் வந்தது. கடலோரத்தில் கண்டபடி கட்டக்கூடாது என்று தொண்ணூற்றொன்றில் சட்டம் வந்தது. அதன் பின்னாலேயே செங்கல் லாரிகளும் வந்தன. ஒரு லாரி ஏகநாதனுடையது. லாரியைக் கண்ட அன்றே வேதசிரோமணி பங்குனி ஆமையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார்.

"ஏகநாதா, யோசிச்சுப் பாரு. தை மாசத்துல இருந்து பங்குனி வரைக்கும் ஆமை கரையேறி முட்டை போடற இடம் இது. இங்கே இன்னொரு வீடு வந்தா அது எங்கே போகும்?"

"சார், நீங்கதானே வாங்கச் சொன்னீங்க?"

"வாங்கத்தான் சொன்னேன். கட்டச் சொன்னேனா?"

"அப்ப நாற்காலி?"

"என் வீட்டுலதான் ரெண்டு நாற்காலி கிடக்கே! எப்ப வேணா வா."

ஏகநாதன் கடையைப் பார்க்கப் போய்விட்டார். வேதசிரோமணி அவர்மேல் மனுப் போட்டார். அதன்பின் தாம்பரம் மார்க்கெட்டில் இருவரும் எதிரெதிரே வந்தால், ஒருவர் வாழைக்காயைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார். ஹில்டாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பிள்ளைகளின் காய்ச்சலுக்கெல்லாம் முதல் ஆளாக ஆட்டோவோடு வந்து நின்ற மனுஷன் அவர்.

பங்குனியில் ஒரு விடிகாலை, வாசல் பெருக்கக் கதவைத் திறந்த ஹில்டா கத்திவிட்டாள். மதிலோரத்து மழைத்தண்ணீர் ஓட்டை வழியாக நுழைந்து, விளக்குக் கம்பத்தின் அடியில் ஆமைக்குஞ்சுகள் கிடந்தன. அழிரப்பர் அளவுதான் இருக்கும். பாதி காய்ந்து போயிருந்தன. பாதி இன்னும் கையைக் காலை அடித்துக்கொண்டு, சிமெண்ட் தரையில் நீந்தப் பார்த்தன. காகங்கள் மதில்மேல் காத்திருந்தன.

ஹில்டா உயிரோடிருந்தவற்றை முறத்தில் அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடினாள். வேதசிரோமணி லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். கண் கலங்கியது. அது நிஜமான கண்ணீர்தான். அப்புறம் சொன்னார்:

"பார்த்தியா ஹில்டா? ஏகநாதன் அஸ்திவாரம் தோண்டினதுல பயந்து போய், எங்கிட்ட அடைக்கலம் தேடி வந்திருக்கு!"

தன் கட்சிக்குச் சாட்சி சொல்ல ஹில்டாவின் சித்தப்பா மகள் யூனிஸை அவரே வரவழைத்தார். யூனிஸ் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுப்பவள். வந்தவள் மணலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாள்.

"அத்தான், குஞ்சு வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் போகும். ராத்திரியில கடல்தான் வெளிச்சமா தெரியும், அதைப் பார்த்து இறங்கிடும். இங்கே உங்க விளக்கு கடலைவிட வெளிச்சமா இருக்கு. தாய் ஆமை ஒண்ணு உங்க மதில்ல முட்டித் திரும்பின தடம்கூட இருக்கு. மேடு இருந்தா மேட்டுல போட்டிருக்கும். இப்ப அலை தொடற இடத்துல போட்டிருக்கு. அந்த முட்டை தேறாது."

"சரி, அணைச்சுடலாம்" என்றார் வேதசிரோமணி பெருந்தன்மையாக. "முதல்ல ஏகநாதன் அணைக்கட்டும்."

"அவருக்கு இன்னும் கரண்டே வரலைங்க!" என்றாள் ஹில்டா.

"வரும்போது அணைக்கணும்ல?"

ஹில்டா உள்ளே போனாள். பியூஸ் கட்டையைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள். "முட்டை சீசன் முடியற வரைக்கும் ராந்தல்தான்" என்றாள். வேதசிரோமணி இரண்டு நாள் சாப்பாட்டில் குறை கண்டுபிடித்தார். பிறகு, கடற்கரையில் முதன்முதலாக விளக்கை அணைத்த மனிதர் தாம்தான் என்று தாம்பரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மதிலைப் பற்றி மட்டும் யாரும் பேசக்கூடாது.

மனு எங்கோ தூங்கியது. ஏகநாதன் வீட்டைக் கட்டி முடித்தார். கிரகப்பிரவேசத்துக்கு ஹில்டா மட்டும் போய்வந்தாள். சண்டை தீர்ந்ததா என்கிறீர்களா? தீர்ந்தது. அடுத்த வருஷம் சவுக்குத் தோப்பை வெட்டி யாரோ ஓட்டல் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. அன்று மாலையே ஏகநாதன் வேலியோரம் வந்து நின்றார்.

"சார், தோப்பு போனா காத்து என்னாகும்? ஆமை என்னாகும்?"

"அதைத்தான் ஏகநாதா நானும் சொல்றேன்! இனிமே இங்கே ஒருத்தரும் வரக்கூடாது."

ஹில்டா காபி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் சேர்ந்து உருக்கமாக ஒரு மனு எழுதினார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீடு இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது? ஏரியா, தோப்பா, சதுப்பா? யாரையும் கேட்டுவிடாதீர்கள், சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் காலிமனையில் முதல் லோடு செங்கல் இறங்கும் காலையில், உங்களுக்குத் திடீரென்று குயில்கள் மேல் பாசம் பொங்கினால், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

குயில்களைச் சொல்கிறேன்.