வைரவருக்கு ஐந்து லீற்றர்

உலகத்தில் எனக்குக் கடினமான வேலை வாய் திறப்பதுதான். ஐந்தாம் வகுப்பில் புது வாத்தியார் என் பேரைக் கேட்டபோது பக்கத்திலிருந்தவன்தான் சொன்னான். அந்த வகுப்போடு படிப்பும் முடிந்தது. (பேரைச் சொல்லியிருந்தால் டொக்டராகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை.)

இணுவிலில் தனியாக இருக்கிறேன். தங்கச்சி கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அழைத்து, "சாப்பிட்டியளோ அண்ணை?" என்பாள். "ஓம்" என்பேன். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றுவதும் வீட்டில்தான். கராஜுக்குப் போனால் கதைக்க வேண்டுமே! கழிவு ஒயிலை முன்பு கறையான் பிடிக்காமல் வேலித் தூண்களுக்குப் பூசுவேன். பக்கத்து வீட்டார் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினார்கள். அதன்பிறகு பூசத் தூணும் இல்லை, வேலிக்கு மேலால் எட்டிக் கதைக்க ஆளும் இல்லை. நிலத்தில் ஊற்றவும் மனம் வரவில்லை. எங்கள் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்; ஊற்றினது கிணற்றுக்குத்தான் போகும். அந்தக் கிணற்றுத் தண்ணீரை மூன்று வீடு குடிக்கிறது. ஆகவே நல்லெண்ணெய் வாங்கிய ஐந்து லீற்றர் வெள்ளைப் பிளாஸ்டிக் கானில் சேர்த்து வைத்தேன்.

ஒருநாள் கான் நிரம்பிவிட்டது. கராஜில் பழைய ஒயிலுக்கென்றே ஒரு பீப்பா உண்டு. "தம்பி, இதைப் பீப்பாவுக்குள்ளை ஊத்தலாமோ?" என்று கண்ணாடிக்கு முன்னால் பத்துத் தரம் சொல்லிப் பழகிவிட்டு, கானை மடியில் இடுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

சந்தி வைரவர் கோயிலில் அன்று மடை, ஊர் கூடிப் படைக்கும் நாள். வடைமாலைக்கு வடை தட்டி வைத்து, பொரிக்கிற பெரிய தாச்சியும் அடுப்பில் ஏறியிருந்தது. கூட்டத்தைக் கண்டு வேகத்தைக் குறைத்தேன். கோயில் தலைவர் சிவலிங்கண்ணை என் கானைக் கண்டார்.

"ஆர், ராசனே! எண்ணெய் காணாதெண்டு இப்பத்தான் கதைச்சனாங்கள். வைரவரே உன்னை அனுப்பியிருக்கிறார்!"

நான் பழகிய வசனம் இதற்குப் பொருந்தவில்லை. வேறொன்றைத் தேடுவதற்குள் கான் கைமாறிவிட்டது. ஒலிபெருக்கி முழங்கியது: "வடைமாலைக்கு ஐந்து லீற்றர் நல்லெண்ணெய் உபயம், திருவாளர் இராசன் அவர்கள்!"

மதில் வீட்டு மாமி, மதில் வந்தபின் முதல் தரமாக, என்னைப் பார்த்துச் சிரித்தா.

"ராசன், வடை சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும், என்ன?"

என்னிடம் அப்படி யாரும் சொல்லி எவ்வளவு காலம்! அரை நிமிடம் பேசாமல் நின்றேன். அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் கூச்சத்தைக் குறை சொல்ல முடியாது. சந்தோசம்தான் காரணம்.

சமையல்காரர் மூடியைத் திருகத் தொடங்கினார். கத்தினால் மேளச் சத்தத்தில் கேட்காது. பாய்ந்துபோய் அறிவிப்பாளரின் கையிலிருந்த மைக்கைப் பறித்தேன்.

"ஊத்தாதேங்கோ! அது மோட்டார் சைக்கிள் கழிவு ஒயில்!"

அடுத்த ஊருக்கும் கேட்டிருக்கும். மேளம் நின்றது. சமையல்காரர் கானை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். சிவலிங்கண்ணைதான் வாய் திறந்தார்.

"ராசன், வைரவருக்கு வாகனம் நாயெல்லோ? நாய்க்கு என்னத்துக்கடா ஒயில் மாத்திறாய்?"

கோயிலே சிரித்தது. கானைப் பறித்துக்கொண்டு, வடையும் தின்னாமல் ஓடினேன். கராஜில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பீப்பாவைக் கையால் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை என் வாசல் படலையில் மாமி. கையில் ஒரு போத்தல் கறுப்பு ஒயில்.

"உபயகாரர், கராஜுக்குப் போகேக்கை இதையும் கொண்டுபோறியளோ?"

பிறகு ஊரே வரத் தொடங்கியது. பிரேக் ஒயில், ரேடியேற்றர் தண்ணீர் எல்லாம் வரும். கலக்கக்கூடாதென்று கராஜ்காரர் சொன்னதால் வேறுவேறு கானில் வைக்கிறேன். யாரும் உள்ளே வந்து இருப்பதில்லை. ஆனால் படலையில் நின்று அந்தக் கதையை ஒருதரம் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். தங்கச்சியும் இப்போது, "உபயகாரர், சாப்பிட்டியளோ?" என்கிறாள்.

போன மாதம் கராஜ்காரர், "ஏனண்ணை அலையிறியள்? நானே வான் அனுப்பி வீடு வீடா எடுப்பிக்கிறன்" என்றார்.

"வேண்டாம்!" என்றேன். கண்ணாடிக்கு முன்னால் பழகாமலே கணீரென்று வந்தது.

"ஏன்?" என்று கேட்டார்.

அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.