மூச்சிழுக்கும் சுவர்

திங்கட்கிழமை காலை, முதல் நாள்தான் வெள்ளையடித்த கூடத்துச் சுவரில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவான ரோஜா நிறம். சின்னக் கை, ஒரு பெண்ணின் கை.

பரந்தாமன் முகர்ந்து பார்த்தான். குங்குமம் இல்லை, வெற்றிலைச் சாறும் இல்லை.

அந்தச் சுவர் அவன் பொறுப்பு. வேலூரில் இன்டர்மீடியட் படித்து, ரசாயனத்தில் மட்டும் தோற்று, 1946 கோடையில் திருத்தணிக்குத் திரும்பியிருந்தான். கூடவே ஒரு பெட்டி நிறையப் பயிற்சிக்கான மருந்துப் புட்டிகள். வெள்ளிக்கிழமை தங்கை காஞ்சனாவைப் பெண் பார்க்க அரக்கோணத்து ரயில்வே குமாஸ்தா சிவப்பிரகாசம் வருகிறார். நாற்பத்தைந்து வயது, இரண்டு மனைவியரை இழந்தவர். அப்பா ஜம்புலிங்கம் முடிவாகச் சொல்லிவிட்டார்: சுவர் பளிச்சென்று இருந்தால் பரந்தாமன் செப்டம்பரில் மறுபடி பரீட்சை எழுதலாம். இல்லாவிட்டால் கே.ஜி.கண்டிகை நிலத்தில் ஏர் பிடிக்க வேண்டியதுதான்.

சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அதைக் கரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கி மறுபடியும் கல்லாகிவிடும். அதாவது, புதிதாக வெள்ளையடித்த சுவர் பல நாள் மெதுவாக மூச்சிழுத்துக்கொண்டே இருக்கும். இதைப் பரந்தாமன் மனப்பாடமாகச் சொல்வான். மூச்சிழுக்கிற சுவர் ஏன் கையும் நீட்டுகிறது என்பதுதான் பாடத்தில் இல்லை.

கொஞ்சம் சுரண்டிக் கம்பி நுனியில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினான். சுடர் செங்கல் நிறத்தில் எரிந்தது. சுவரில் சுண்ணாம்பு இருக்கிறது என்பது ஐயமற நிரூபணமாயிற்று.

மறுநாள் அந்தக் கை தானாகவே வெளிறிப்போயிருந்தது. ஆனால் கதவோரம் புதிதாக இரண்டு கைகள்.

"பயமா இருக்குதுண்ணா" என்றாள் காஞ்சனா. "சலவை சோடா கரைச்சுத் தரேன், தேய்ச்சிப் பாரேன்."

தேய்த்தான். வெளிறியிருந்த கை மறுபடி சிவந்து, விரல் நுனிகளிலிருந்து தரைவரை வழிந்தது.

இன்னொரு பூச்சு அடித்தால் மறைந்துவிடும் என்று அவள்தான் யோசனை சொன்னாள். புதன்கிழமை, வெள்ளையடிக்கும் பாஷா வந்து அடித்தார். ஈரப் பூச்சுக்கு அடியிலிருந்து மூன்று கைகளும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பாஷா பூச்சு மட்டையைக் கீழே வைத்தார்.

"நாப்பது வருசமா வெள்ளையடிக்கிறேன் தம்பி. செவுரு வெக்கப்பட்டு நான் பார்த்ததில்ல."

வேறு வழியில்லாமல் வெள்ளிக்கிழமை சுவரை மறைத்து ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். சிவப்பிரகாசம் அதற்கு எதிரே உட்கார்ந்து, சமைக்கத் தெரியுமா என்று விசாரித்தார். அதிகமாகப் பேசுவாளா என்றும் கேட்டார். காப்பி கொண்டுவந்த காஞ்சனாவின் தோள் உரசி, போர்வை விழுந்தது.

அங்கே பளிச்சென்று நான்காவது கை.

சிவப்பிரகாசம் எழுந்து அருகே போய்ப் பார்த்தார்.

"சுண்டு விரலு வளைஞ்சிருக்குது பாருங்க" என்றார் மெல்ல. "குப்பம்மா கை."

"யாருங்க குப்பம்மா?" என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

"ரெண்டாவது சம்சாரம்." பிறகு சுவரைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "டாக்டரைக் கூப்பிடணும்னுதான் நெனச்சிகினு இருந்தேன், குப்பம்மா."

அவர் குடையைக்கூட எடுக்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

ஜம்புலிங்கம் வாசலை எட்டிப் பார்த்தார். இவனுக்கா பெண்ணைக் கொடுக்க இருந்தேன் என்று முணுமுணுத்துவிட்டு, முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனார்.

பரந்தாமன் சுவரடியில் சரிந்து உட்கார்ந்தான். "மாப்பிள்ளை போனாலும் செவுரு அப்படியேதான இருக்குது. எனக்கு இனி ஏருதான்."

காஞ்சனா போர்வையை உதறி மடித்தாள்.

"உன் பெட்டியில இருந்த பினாப்தலீனைத்தான் கையில தடவிகினு அழுத்தினேன். அழுத்துனதுல சுண்டு விரலு வளைஞ்சிருக்கும். சுண்ணாம்பு, சோடா எது பட்டாலும் அது ரோஸா மாறும், புளிப்பு பட்டா வெளுத்துடும். நைனா வர்றதுக்குள்ள எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ண்ணா."