ஹார்மென் வாழ்த்துச் சொல்லப் போனார்

"மழைக்கோட்டைக் கழட்ட முடியாதும்மா, உள்ளே பனியன்தான்" என்றார் ஹார்மென்.

"பளபளன்னு மஞ்சளா இருக்குப்பா" என்றாள் மகள் ஃபென்னா.

கூடாரம் ஒழுகியதில் அவருடைய ஒரே நல்ல சட்டை நனைந்துபோயிருந்தது. ஏரிக்கரையில் முகாமிட்டு ஐந்து நாளாகிறது. ஹூர்ன் நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று மனைவி தினெகேயையும் மகளையும் சைக்கிளில் கிளப்பி வந்திருந்தார். ஊர் சுற்றுவதெல்லாம் சாக்கு. அந்த ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன் ரெய்ண்டருக்கு அன்று அறுபத்தைந்தாவது பிறந்தநாள்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது. அண்ணி மட்டும் வருஷா வருஷம் அழைப்பு அனுப்புவார். இந்த வருஷமும் வந்தது: மூன்று மணி, கால்வாய்க்கரைக் கூடம்.

"உள்ளே போய் என்ன சொல்லப் போறே?" என்று கூடத்து வாசலில் கேட்டாள் தினெகே.

"முதல்ல வாழ்த்து. அப்புறம்..."

அப்புறம் என்ன என்பதுதான் பதினொரு வருஷமாக அவர் வாயில் வராத சமாச்சாரம். யோசித்தால் கால் திரும்பிவிடும் என்று பயந்து, கண்ணில் பட்ட முதல் கதவைத் திறந்தார்.

வட்டமாக நாற்காலிகள், இருபது பேர், மடியில் காபி, தலைக்கு ஒரு துண்டு கேக். பிறந்தநாளேதான். அண்ணனையும் அண்ணியையும் காணோம். ஆனாலும் எங்கள் ஊர் முறை என்று ஒன்று இருக்கிறதே. பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் கை குலுக்கி வாழ்த்த வேண்டும்.

"வாழ்த்துகள்! வாழ்த்துகள்!"

கைகள் பிணம் போல் குளிர்ந்திருந்தன. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

"எல்லாரும் அண்ணன் கட்சி" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார். "கலகலப்பாப் பேசினா சரியாயிடும்."

"ஹார்மென், வேண்டாம்."

அவர் இரண்டு கையையும் தூக்கிப் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தார். யாரும் கூடப் பாடவில்லை. ஃபென்னா கேக்கில் முகத்தைப் புதைத்துக்கொள்ளப் பார்த்தாள். இரண்டாவது அடியில் அவருக்கே குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் மேஜைமேல் எரிந்த மெழுகுவர்த்தியும், பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்கான நோட்டும் கண்ணில் பட்டன.

எங்கள் ஊரில் சந்தோஷத்துக்கும் சாவுக்கும் ஒரே வட்டம், ஒரே காபி, அதே ஒரு துண்டு கேக். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

கறுப்பு உடையில் ஒரு வயதான அம்மாள் எழுந்து வந்தார். "அவரு செவ்வாய்க்கிழமையே போயிட்டாருங்க" என்றார் மெல்ல.

தினெகே கையைப் பிடித்ததுகூட ஹார்மெனுக்குத் தெரியவில்லை.

"ஐயோ, அண்ணா!" என்று மெழுகுவர்த்தியைப் பார்த்துக் கதறினார். "அம்மாவை முதியோர் இல்லத்துல தள்ளிட்டியேன்னு உன்னைத் திட்டினேனே! அதுவரைக்கும் தினம் ராத்திரி எழுந்து பார்த்துக்கிட்டவன் நீ. நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை பூங்கொத்தோட வந்து எட்டிப் பார்த்தவன். தப்பு என்னோடதுண்ணா! என்னோடது மட்டும்தான்!"

கூடத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் அவருக்குக் கைக்குட்டை கொடுத்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"நீங்க எங்க டிர்க்குக்கு என்ன வேணும்?"

"டிர்க்கா? யாரது?"

"என் வீட்டுக்காரர்."

அப்பாடா, அண்ணன் சாகவில்லை! நெஞ்சு நிறைந்து ஹார்மென் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இழவு வீட்டில் அதுவும் சேர்ந்துகொண்டது. பிறகு பதறிப்போய், வட்டத்தில் ஒவ்வொருவராகக் கை குலுக்கி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். பதினெட்டாவது ஆளிடம் வந்தபோது தெம்பெல்லாம் போய்விட்டது.

"கிளம்பலாம்" என்றார் மனைவியிடம். "வெறும் மெழுகுவர்த்திகிட்ட சொல்லிட்டேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இனிமே வராது."

வாசலைத் தாண்டுவதற்குள், காபி பரிமாறும் பெண் தட்டும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், நில்லுங்க! பக்கத்து ரூம்ல பிறந்தநாள் கொண்டாடுற பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நடுவுல வெறும் மடக்குத் தட்டிதான், ஆனாலும் அந்தத் 'தப்பு என்னோடது'ங்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை, கிட்ட வந்து, சத்தமாச் சொல்லச் சொல்றாரு."