பியானோவுக்கு மீன் எண்ணெய்

நடுவில் இருந்த அந்த ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் பாதி தூரம் இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது. ஜோஸ்வின் மறுபடி அழுத்தினான். சத்தம் வரவில்லை.

"என்ன தம்பி, மக்கர் பண்ணுதா?" என்று மேடையேறினார் உச்சிப்புளி மைக் செட் தர்மராஜ்.

அக்காள்மடம் தேவாலயத்துப் பங்குக் கூடத்தில் கச்சேரி தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. வியன்னாவிலும் பாரிசிலும் பியானோ வாசித்துப் பேர் வாங்கிய ஜோஸ்வின், சொந்த ஊரில் வாசிப்பது இதுதான் முதல் தடவை. அவனுடைய அய்யா யாக்கோபு அதைக் கேட்கப்போவதும் முதல் தடவை. "உக்காந்துக்கிட்டே பாக்குறதெல்லாம் ஒரு வேலையாலே?" என்று கடற்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தவர், இன்று கடலுக்குப் போகாமல் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். இது வேலைதான் என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் ஜோஸ்வினுக்கு.

"கட்டைய அழுத்துனா உள்ள ஒரு சுத்தியல் எம்பிப் போயி கம்பிய அடிக்கும்ணே. பாதியில நின்னுட்டா சுத்தியல் கம்பியத் தொடாமலே திரும்பிரும். உப்புக் காத்துல மரம் ஊதிருச்சு."

"கழட்டிப் பாத்துருவமா?"

"கழட்டுனா மாட்டத் தெரியாது. அங்கன வியன்னாவுல ஒவ்வொரு மேடைக்கும் அதுக்குன்னு ஒரு ஆள் இருப்பாரு."

"இங்கன நான் இருக்கேன்ல," என்றார் தர்மராஜ்.

கல்யாண வீட்டு ஃபோகஸ் விளக்கைக் கொண்டுவந்து கட்டைக்கு நேராக வைத்தார். ஈரம் காய்ந்தால் மரம் சுருங்கும், சுருங்கினால் கட்டை இறங்கும். கணக்கு சரிதான். ஆனால், இரும்புக் கம்பி சூட்டில் நீளும், நீண்டால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். கட்டை அசையவில்லை, சுருதிதான் இறங்கியது.

"ரொம்பக் காஞ்சிருச்சு போல," என்றார் தர்மராஜ். "கடலுக்குப் போற வள்ளத்துப் பலகை காஞ்சா நீங்க மீன் எண்ணெய்தானே போடுவீங்க?"

ஜோஸ்வின் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அரைக் கிண்ணம் மீன் எண்ணெய் கட்டைக்குள் இறங்கியிருந்தது. இப்போது பக்கத்துக் கட்டைகள் இரண்டும் அழுத்தினால் இறங்கின. எழுந்து வரவில்லை.

"ஒண்ணு எறங்கலேன்னீங்க. இப்ப ரெண்டு எறங்கிருச்சே," என்றார் தர்மராஜ்.

கூடத்துக்குப் பின்னால் கருவாடு காயும் களத்திலிருந்து வாசனை பிடித்துப் பூனைகள் வந்தன. ஒன்று பெடலை நக்கியது. மற்றொன்று கட்டைகள் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து கச்சேரியைத் தொடங்கிவைத்தது. இன்னும் திறக்காத திரைக்கு அப்பால், முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"வாடை போனா பூனை போயிரும்லே," என்று அக்கா பிரெசில்லா தூபக் கலசத்தோடு ஓடிவந்தாள். பூனைகள் போயின. சாம்பிராணிப் புகை மட்டும் திரையைத் தாண்டிக் கூடத்துக்குள் நகர்ந்தது. மோந்த ஜனம், பூசைதான் தொடங்கிவிட்டது என்று மொத்தமாக எழுந்து நின்றது. கடைசி வரிசையில் ஒரு கிழவர் ஜெபமாலையைத் தொடங்கினார். தொடங்கிய ஜெபமாலையைப் பாதியில் நிறுத்த அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நல்லவேளை, அது நீளமான ஜெபம். முடிவதற்குள் கம்பிகள் ஆறிச் சுருதி ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஜோஸ்வினும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பியானோவில் ஒரே சுரம் ஏழு வெள்ளைக் கட்டைக்கு ஒரு தடவை திரும்ப வரும். வேலை செய்யாத மூன்று கட்டைகளும் வரும் இடத்திலெல்லாம், அதே சுரத்துக்கு மேலே தாவிவிட வேண்டியதுதான்.

தாவினான். வலது கை தாவியது, இடது கை தாவியது, சில இடங்களில் ஆளே ஸ்டூலிலிருந்து எழுந்து தாவினான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து கட்டைகளில் சொட்டியது. இப்படி ஒரு வாசிப்பை வியன்னா பார்த்ததில்லை. அக்காள்மடம், பியானோ என்றால் இப்படித்தான் போல என்று பார்த்தது. முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

யாக்கோபு மேடையேறி வந்தார். மகனின் நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பியானோவின் விலாவை ஒரு தட்டுத் தட்டினார்.

"வேலைதான்லே இது," என்றார். "ஒரு எடத்துலகூட முங்கல."

ஜோஸ்வின் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "இன்னும் நல்லா வந்துருக்கும்யா. நடுவுல ஒரு கட்டை மட்டும் இன்னைக்குன்னு பாத்து எறங்கமாட்டேன்னு சதி பண்ணிருச்சு."

யாக்கோபு சட்டையின் முதல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

தூபக் கலசத்தைக் கீழே வைத்துவிட்டு பிரெசில்லா கேட்டாள்: "எது, அந்த நடுக் கட்டையா? ஏலே, புது வள்ளம் எறக்கும்போது முங்காம இருக்க வைக்கிற மாதிரி, தன் கழுத்துல கெடந்த அந்தோணியார் சுரூப டாலரக் கயித்தோட சுருட்டி, அதுக்கு அடியிலதானே அய்யா காலையில சொருகி வச்சாக!"